வியாசர்பாடி பலகைப் பட்டறை: ஒட்டுக்கு முழு மார்க், பொறுமைக்குப் பாதி

பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டி, மேஜைக்கோ கட்டில் தலைமாட்டுக்கோ ஒரே அகலப் பலகையாக்கித் தர வடசென்னையில் ஆள் கிடைப்பார்களா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிடைப்பார்கள். நான் கொடுத்த இடம் வியாசர்பாடியில், போர்டுகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகை. பெயரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் பாராட்டோடு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் சின்னக் குறை இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒட்டு அபாரம், ஒட்டிய பிறகு காட்டும் அவசரம் மோசம்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் உறவினர் வீடு ஒன்றை இடித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மரச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக நிறுத்திக் கட்டுகிற பழைய முறை. சட்டங்கள் பர்மா தேக்கு. இடிக்கிற காண்ட்ராக்டர் மொத்தத்துக்கும் விலை பேசுவதற்குள் சித்தப்பா சிலதை ஒதுக்கி வைத்துவிட்டார். ஆனால் அந்தச் சட்டத்தை அறுத்தால் பலகை ஆறு இன்ச் அகலத்துக்கு மேல் வராது, நமக்கு வேண்டியதோ ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை. அப்போ ஒட்டித்தான் ஆக வேண்டும்.

வீட்டு வேலைக்கு வழக்கமாக வரும் கார்பென்டர், "பிளைவுட்ல தேக்கு வெனீர் ஒட்டிக் குடுத்துடறேன் சார், எதுக்கு இந்தத் தலைவலி" என்றார். வெனீர் என்றால் தாள் மாதிரி சீவிய மெல்லிய மரத் தோல். பிளைவுட் அகலத்தில் சுருங்காது, வளைவதும் குறைவு, அது உண்மைதான். கடையில் கிடைக்கிற ரப்பர் மரப் பேனலும் மோசம் இல்லை. பால் குறைந்த ரப்பர் மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டி, பூச்சி அரிக்காமல் போரான் மருந்து ஏற்றி, துண்டுகளைப் பல் பல்லாக வெட்டி நீளவாக்கில் கோத்து, அப்புறம் பக்கவாட்டில் ஒட்டித் தருகிறார்கள். சமையலறை அலமாரிக்கு நானே அதை வாங்குவேன். ஆனால் வைரம் பாய்ந்த பர்மா தேக்கு கையில் இருக்கும்போது வெனீர் வாங்குகிறவனை என்ன சொல்வது.

பழைய மரம் என்று சொன்னதும் பட்டறை மேஸ்திரி முதலில் எடுத்தது காந்தம். ஒவ்வொரு பலகையிலும் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார், ஒரு இடத்தில் தலை முறிந்த ஆணி உள்ளேயே இருந்தது. ஆணியை நாம் பிடுங்கிக் கொண்டுவர வேண்டும், மீறி மெஷினில் பிளேடு போனால் பிளேடு காசு நம்முடையது, இது அவர் சட்டம். நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன்.

அடுத்து விளிம்பு. இந்த வேலையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது, இவர் நிஜமாகவே கெட்டிக்காரர் என்று தெரிந்ததும் அங்கேதான். பலகையின் முகத்தை மெஷினில் மட்டம் பண்ணிவிட்டு விளிம்பையும் மெஷினில் விட்டார், சரி, எல்லாரும் செய்வதுதான். அதோடு நிறுத்தாமல் அடுத்தடுத்து வரப்போகிற இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவது மாதிரி முகத்தோடு முகம் மடித்து, வைஸில் பிடித்து, இரண்டு விளிம்பையும் ஒன்றாகவே நீள இழைப்புளியால் இழைத்தார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இழைப்புளி அரை டிகிரி சாய்ந்தாலும் பரவாயில்லை, பலகைகளை விரித்து வைக்கும்போது ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், மற்றது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், இரண்டும் சேர்ந்து கழிந்து மேல் மட்டம் நேராக வந்துவிடும். மெஷினை மட்டும் நம்பி, பலகை அணைந்து ஓடும் அதன் வேலிக் கட்டை அரை டிகிரி தப்பாக நின்றால், ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு டிகிரி கூடும். ஆறு பலகைக்கு ஐந்து ஒட்டு, ஐந்து டிகிரி. மேஜையில் வைத்த தண்ணீர் டம்ளர் நகர ஆரம்பித்துவிடும்.

இழைத்த பிறகு ஒரு பலகையின் மேல் இன்னொன்றை விளிம்பில் நிறுத்தி, பின்னால் டியூப் லைட் வெளிச்சம் வருகிற மாதிரி வைத்துப் பார்த்தார். வெளிச்சம் கசியக் கூடாது. மேல் பலகையின் ஒரு முனையை விரலால் தள்ளிப் பார்த்தார். நடுவில் மேடு இருந்தால் பலகை அந்த மேட்டில் சுழலும், இரண்டு முனையிலும் உட்கார்ந்திருந்தால் முனை உரசிக்கொண்டு நகரும். நடுவில் மிக லேசாகப் பள்ளம் இருப்பதை அவர் வேண்டுமென்றே விட்டார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "முனை தான் சார் மொதல்ல வாய் தொறக்கும்" என்றார். காரணம் இருக்கிறது. பலகையின் வெட்டு முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறும், அதனால் முனைப் பக்கம்தான் முதலில் சுருங்கும், அங்கே ஏற்கெனவே அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஒட்டு தாங்கும். நடு மேடான விளிம்பை கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டிவிடலாம், அன்றைக்கு அழகாகவும் இருக்கும், அடுத்த கோடையில் முனையில் பிளவு தெரியும்.

பலகைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் அவர் மரத்தின் நார் ஓடும் ரேகையை மட்டும் பார்த்தார். எல்லாப் பலகையிலும் ரேகை ஒரே திசையில் ஓடினால் பிறகு இழைக்கும்போது நார் பிய்த்துக்கொண்டு வராது. வரிசை முடிந்ததும் எல்லாப் பலகைக்கும் குறுக்காகச் சாக்பீஸில் ஒரு பெரிய முக்கோணம் போட்டார், பலகை கலைந்தாலும் முக்கோணத்தைச் சேர்த்தால் போதும்.

பசை விஷயத்துக்கு வருவோம், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், என் அபிப்பிராயத்தில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியதும் அதுதான். பட்டறையில் வழக்கமாகப் போடுவது பெவிகால் எஸ்எச். வீட்டுக்குள் இருக்கும் அலமாரி, கட்டிலுக்கு அது போதும். சாப்பாட்டு மேஜையில் தினமும் ஈரத்துணி படும் என்பதால் தண்ணீர் தாங்குகிற பெவிகால் மரைன் நானே வாங்கிக் கொடுத்தேன், அவர் ஆட்சேபிக்கவில்லை. அமெரிக்கச் சரக்கு டைட்பாண்ட் 3 ஆன்லைனில் கிடைக்கிறது, அதுவும் தண்ணீர் தாங்கும், விலை அதிகம். விளிம்பு சரியாக இருந்தால் இந்த மூன்றில் எதைப் போட்டாலும் மரம் உடையுமே தவிர ஒட்டு உடையாது. ஒன்றை மட்டும் எங்கேயும் அனுமதிக்காதீர்கள்: மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசை. அது காய்ந்த பிறகும் ரப்பராகவே இருக்கும், பாரம் ஏறினால் மெல்ல நழுவும், பலகை விளிம்புக்கு ஆகாது. சீக்கிரம் முடியும் என்று சில இடத்தில் அதைப் போடுகிறார்கள் என்று கேள்வி.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் இழைத்த அன்றே ஒட்ட வேண்டும், ஒட்டும் முன் தின்னரால் விளிம்பைத் துடைக்க வேண்டும். இரண்டையும் செய்தார்கள். பசை தடவும்போது மேலே ஓடிய ஃபேனை நிறுத்தச் சொன்னதும் எனக்குப் பிடித்தது. இந்த வகைப் பசைக்குத் தடவியதிலிருந்து பலகையைச் சேர்க்கப் பத்து நிமிஷம் மாதிரிதான் அவகாசம், நம் ஊர் வெயிலில் அதுவும் குறையும், ஃபேன் காற்றில் மேலே ஏடு படிந்தால் ஒட்டு பாழ். ஐந்து ஒட்டையும் ஒரே மூச்சில் போடாமல், இரண்டிரண்டாக மூன்று ஜோடி ஒட்டி, அது பிடித்த பிறகு ஜோடிகளைச் சேர்த்தார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் சரியான முறை அதுதான்.

உள்ளே மரக்குச்சி வைத்துத் தரட்டுமா, தனிக் கூலி ஆகும் என்று கேட்டார் உதவியாளர் தம்பி. வேண்டாம் என்றேன். ரேகை ஓடும் திசையில் விளிம்போடு விளிம்பு சேரும் ஒட்டுக்குக் குச்சியால் கூடுதல் பலம் எதுவும் கிடைக்காது, பலகை மேலும் கீழும் நழுவாமல் மட்டமாக உட்காரத்தான் அது உதவும். வளைந்த பலகையாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி காசு மிச்சம்.

கிளாம்ப் பற்றிக் கொஞ்சம். கெட்டி மரத்துக்குச் சதுர இன்ச்சுக்கு 175 பவுண்டாவது அழுத்தம் வேண்டும் என்பது பசைக் கம்பெனிகள் சொல்லும் கணக்கு. ஒரு இன்ச் தடிப்பு, ஐந்தடி நீளம் என்றால் ஒரு விளிம்பு 60 சதுர இன்ச், கணக்குப் போட்டால் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது, அதாவது நாலரை டன்னுக்கு மேல். வீட்டு மொட்டை மாடியில் கயிறு கட்டி ஆப்பு அடித்து ஒட்டப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசிக்கலாம். இவர்களிடம் ஆங்கிள் இரும்பில் வெல்டு பண்ணி, கெட்டி மரை போல்ட் வைத்த சொந்தத் தயாரிப்பு கிளாம்ப்தான் இருக்கிறது, பார்க்க அசிங்கம், பிடி உடும்புப் பிடி. ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள், எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பலகை அந்தப் பக்கம் வில்லாக வளையும். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே பேப்பர் வைத்தார்கள், இல்லாவிட்டால் ஈரப் பசையும் இரும்பும் சேர்ந்து தேக்கில் கருப்புக் கறை ஏறிவிடும், அது இழைத்தாலும் சீக்கிரம் போகாது. ஒட்டு நெடுகப் பசை சின்னச் சின்ன முத்தாகக் கசிந்து வந்தது. அப்படி வரவேண்டும். மேஸ்திரி அது அரைகுறையாகக் காயும்வரை விட்டுப் பட்டைக் கத்தியால் சுரண்டினார். தம்பி பார்த்துக்கொண்ட பக்கத்தில் மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பசையை மரத்துக்குள்ளேயே தேய்த்துவிட்டார், பாலிஷ் ஏறும்போது அங்கே இரண்டு வெளிறிய திட்டு தெரிந்தது.

ஒட்டைச் சோதிக்க ஒரு சுலபமான வழி. முனையை நேராக அறுக்கும்போது விழும் இரண்டு இன்ச் துண்டைக் கேட்டு வாங்கி, ஒட்டு இருக்கும் இடத்தில் உடைத்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த துண்டில் ஒட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் மரம்தான் கிழிந்தது, கோடு அப்படியே இருந்தது. முழு மார்க் அதற்குத்தான்.

இப்போது குறை.

காலையில் கடைசி ஒட்டு போட்டு, மதியம் கிளாம்ப் கழற்றி, அன்று சாயங்காலமே பலகையை இழைத்து, உப்புத்தாள் மெஷின் ஓட்டி, "ரெடி சார், வண்டி எடுத்துனு வாங்க" என்று போன். கிளாம்பைச் சில மணி நேரத்தில் கழற்றுவதில் தப்பில்லை. அன்றே இழைத்ததுதான் தப்பு. இந்த வெள்ளைப் பசையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள மரம் குடித்து அந்த இடத்தில் மட்டும் உப்பியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உப்பியிருக்கும்போதே மட்டமாக இழைத்தால் அந்த இடத்தில் மரம் கூடுதலாகப் போய்விடும், அப்புறம் ஈரம் வற்றும்போது ஒட்டு நெடுக மெல்லிய பள்ளம் விழும். எனக்கும் அதேதான் ஆனது. பாலிஷ் போட்டுக் கொஞ்ச நாளில், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது, ஐந்து கோடும் வரிசையாகத் தெரிந்தது, விரலால் தடவினாலும் தட்டுப்பட்டது. ஒட்டின பலம் ஒன்றும் குறையவில்லை, ஆனால் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தக் கோட்டைத் தடவிப் பார்க்கிறார்கள்.

போய்ச் சொன்னேன். மேஸ்திரி மறுக்கவில்லை, காரணமும் அவருக்குத் தெரிந்தே இருந்தது, எரிச்சலே அதில்தான். "இன்னா சார் பண்றது, ஒட்னத வச்சிருந்தா எடம் அடைக்குது, வெளிய மூணு பார்ட்டி நிக்கிறான்" என்றார். திரும்ப இழைத்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் போக வர குட்டியானை வாடகை, இரண்டாவது முறை பாலிஷ் செலவு எல்லாம் நம் தலையில். ஒட்டிய பலகையை வாரம் ஒன்று காற்றாட நிறுத்தி வைத்துவிட்டு இழைத்திருந்தால் இது எதுவும் தேவைப்பட்டிருக்காது. அவரிடம் இடம் இல்லை என்றால் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்து திரும்பக் கொண்டுவாங்க என்று வாய்விட்டுச் சொல்லலாமே. சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, பாலிஷ். மேல் பக்கம் மட்டும் போடத்தான் கூலி பேசுகிறார்கள், "அடிப்பக்கம் யாரு சார் பாக்கப் போறா." யாரும் பார்க்க மாட்டார்கள், காற்றில் உள்ள ஈரம் போய்ப் பார்க்கும். மேலே அடைத்து அடியில் திறந்து விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கும், விடும், பலகை குவியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு கோட்டிங் என்று பேச்சிலேயே முடித்துவிடுங்கள்.

காலோடு சேர்ப்பதிலும் கவனம் தேவை. கடலோரக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் 14 சதவீதம் வாக்கில் நிற்கும். ஏசி ஓடுகிற அறையில் அது பத்துக்கும் கீழே இறங்கப் பார்க்கும். 14-லிருந்து 10-க்கு இறங்கினால் இரண்டரை அடி அகலத் தேக்குப் பலகை கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும், கிட்டத்தட்ட இரண்டு நூல். நீளவாக்கில் அசைவே இருக்காது. பட்டறையில் இவர்கள் அடியில் குறுக்குச் சட்டத்தைப் பசை போட்டு, ஸ்குருவும் இறுக்கி அடித்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், பலகை வளையாமல் பிடித்துக்கொள்ளுமாம். அப்படிச் செய்தால் சுருங்க வழியில்லாமல் பலகை நடுவில் எங்கேயாவது பிளக்கும், ஒட்டுதான் விட்டுவிட்டது என்று நாம் பாவம் பசைக் கம்பெனியைத் திட்டுவோம். ஸ்குரு ஓட்டையைக் குறுக்குச் சட்டத்தின் நீளவாக்கில் அகட்டி, வாஷர் போட்டு, பசை இல்லாமல் மாட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் செய்தார்கள், செய்த விதமும் சுத்தம். நடு ஓட்டையை மட்டும் அகட்ட வேண்டாம், அப்போதுதான் பலகை இரண்டு பக்கமும் சமமாக அசையும்.

பழைய மரம் கொடுக்கிறவர்களுக்கு ஈரக் கவலை குறைவு. புது மரம், குறிப்பாக ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற தோட்டத் தேக்கு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் உஷார், இவர்களிடம் ஈரம் பார்க்கும் மீட்டர் இல்லை, கையால் தடவி "காஞ்சிருக்கு" என்பதோடு சரி. மீட்டர் ஒன்றை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அறுத்த பலகையை நடுவே ரீப்பர், அதாவது மெல்லிய மரக் கட்டை, வைத்து அடுக்கி நன்றாக ஆறவிட்டுக் கொண்டுபோங்கள்.

கூலி சதுர அடிக் கணக்கு. எனக்குச் சொன்னது சதுர அடிக்கு 150 ரூபாய், இழைப்பும் ஒட்டும் சேர்த்து, பசை நம்முடையது. பாலிஷ், கால் எல்லாம் தனி. யுபிஐ வாங்குகிறார்கள், பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் போகாதீர்கள், ஆள் இருக்காது. மழைக்காலத்தில் கொட்டகை வாசலில் தண்ணீர் நிற்கும், அப்போது மரத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

கட்டில் தலைமாட்டுக்கு மிச்சச் சட்டங்களையும் அவரிடமே கொடுக்கப் போகிறேன். ஒட்டி முடித்ததும் இழைக்காமல் அப்படியே என்னிடம் தர வேண்டும், ஒரு வாரம் எங்கள் வீட்டு ஹாலில் இருந்துவிட்டுத் திரும்ப வரும், கூலியில் பாதி அப்போதுதான் என்று பேசியாயிற்று. "உன் இஷ்டம் சார், எனக்கும் எடம் மிச்சம்" என்றார்.